அப்பா என்ன சொல்றார்?

"வந்துட்டாளா சப்பமூக்கி? இன்னைக்கு எங்கே குத்தப் போறாளாம், கேளு."

அப்பாவின் குரல் ஹாலில் இருந்த எட்டுப் படுக்கைக்கும் கேட்டது. டயாலிசிஸ் பிரிவில் யாருக்கும் வேறு வேலை கிடையாது. நாலு மணி நேரம் மெஷினோடு கட்டிப்போட்ட மாதிரி கிடக்க வேண்டும். காதுதான் சும்மா இருக்கும்.

வேற்று மொழிக்கார நர்ஸ் கையுறையை மாட்டிக்கொண்டே அவருடைய மூத்த மகளைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அப்பா என்ன சொல்றார்?"

"நீங்க சாப்பிட்டாச்சான்னு கேக்கிறார்." மூத்தவளும் ஆங்கிலத்திலேயே சொன்னாள்.

"ஆச்சுன்னு சொல்லுங்க."

வாரத்துக்கு மூன்று நாள், எட்டு மாதமாக இந்த நாடகம்தான். அப்பா வாய்க்கு வந்ததைச் சொல்வார். மூத்தவள் அதில் தேன் தடவி நர்ஸிடம் நீட்டுவாள். "இந்தக் கண்ணுக்கு நரம்பு தெரியுதாமா?" என்று அவர் கேட்டால், "உங்க கைராசியைப் புகழ்றார்" என்பாள். வீட்டுச் சமையல், ஆபீஸில் அரைநாள் லீவு, அப்பாவுக்கு அளந்து கொடுக்கும் தண்ணீர், இத்தனைக்கும் நடுவில் பொய்யையும் தயார் செய்ய வேண்டியிருந்தது. அலுத்துப்போயிருந்தாள்.

வேறு வழியும் இல்லை. அப்பாவின் கை நரம்பு ஊசியைக் கண்டால் ஒளிந்துகொள்ளும் ரகம். மற்ற நர்ஸுகள் மூன்று குத்து, நாலு குத்து என்று கையையே நீலமாக்கிவிடுவார்கள். இவள் விரலால் ஒரு தரம் தடவிப் பார்ப்பாள். ஒரே குத்துதான். இன்றைக்கும் அப்படித்தான் ஆனது.

தம்பி போன் செய்தான்.

"இன்னைக்கு யார் டூட்டிக்கா?"

"சப்பமூக்கிதான்டா. ஒரே குத்துல முடிச்சுட்டா. நீ நிம்மதியா வேலையைப் பாரு."

போனை வைத்துவிட்டு அப்பாவின் காலுக்குப் போர்வையை இழுத்துவிட்டாள்.

"தொண்டை காயுது," என்றார் அப்பா. "ஒரு ஐஸ் கட்டி கேளேன் அவகிட்ட."

மூத்தவள் அதை ஆங்கிலத்தில் சொல்வதற்குள் நர்ஸ் சின்னக் கப்பில் ஒரே ஒரு ஐஸ் கட்டியோடு வந்து நின்றாள். பழகிய கை, முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறது என்று மூத்தவள் நினைத்துக்கொண்டாள்.

முடிய அரை மணி இருக்கும்போது பிரிவின் பொறுப்பாளரான அம்மாள் வந்தார். கையில் ஒரு படிவம், வாயில் கணீரென்ற ஆங்கிலம்.

"உங்கப்பா எங்க நர்ஸை இனத்தைச் சொல்லிக் கேவலமாக் கூப்பிடுறாராம். பக்கத்துப் படுக்கைக்காரர் எழுதிக் கொடுத்திருக்கார்."

பக்கத்துப் படுக்கை வாத்தியார் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

மூத்தவள் எழுந்து நின்றாள். "வயசானவர் மேடம். உடம்பு முடியாம ஏதோ..."

"இங்க எல்லாருக்கும்தான் உடம்பு முடியல. நர்ஸ் ஆமான்னு கையெழுத்துப் போட்டா, இந்த இடம் உங்களுக்குக் கிடையாது. ஊர்க் கோடியில இருக்கிற சென்டருக்குத்தான் போகணும்."

ஊர்க் கோடி என்றால் இரண்டு பஸ். அங்கே யார் குத்துவார்களோ, எத்தனை குத்தோ. அரைநாள் லீவு முழுநாள் ஆகும். ஆபீஸில் ஏற்கெனவே யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"உங்க வாய் இருக்கே அப்பா," என்று தமிழில் பல்லைக் கடித்தாள்.

"நான் என்ன இல்லாததையா சொன்னேன்? மூக்கு சப்பையாத்தானே இருக்கு."

"ஒரு மனுஷியை அப்படிக் கூப்பிடலாமாப்பா? அவளுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்காதா? எத்தனை தடவைதான் சொல்றது?"

உண்மையான கோபம்தான்.

நர்ஸைக் கூப்பிட்டார்கள். அவள் படிவத்தை நிதானமாகப் படித்தாள்.

"இவர் உன்னை அப்படிக் கூப்பிடுறாரா?" என்று கேட்டார் பொறுப்பாளர்.

நர்ஸ் மூத்தவளை ஒரு தரம் பார்த்தாள். மூத்தவள் தரையைப் பார்த்தாள்.

"எனக்கு அவங்க பாஷை தெரியாதே மேடம். அவர் சொல்றதையெல்லாம் இவங்கதான் எனக்குச் சொல்வாங்க. சாப்பிட்டியான்னு கேப்பாராம். கைராசின்னு புகழ்வாராம். இதுக்கா கையெழுத்து?"

பொறுப்பாளர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் படிவத்தை மடித்துக்கொண்டு போனார். வாத்தியார் பேப்பரைச் சத்தமாகத் திருப்பினார்.

மூத்தவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. மெஷின் வேலை முடிந்ததென்று மணி அடிக்க, நர்ஸ் ஊசியை எடுக்கத் தயாரானாள். மூத்தவள் படுக்கையோரம் இருந்த நாற்காலியில் சாய்ந்து தம்பிக்குப் போன் போட்டாள்.

"பெரிய கண்டம்டா, தப்பிச்சோம். நல்ல வேளை, சப்பமூக்கிக்கு நாம பேசுறது ஒண்ணும் புரியாது."

ஊசி வெளியே வந்தது. நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்தியபடி நிமிர்ந்தாள்.

"இங்க அழுத்திப் பிடிங்கக்கா. பத்து நிமிஷம் கையை எடுக்கக் கூடாது."

ஆங்கிலம் இல்லை. பிசகில்லாத தமிழ்.

மூத்தவளின் கை தானாகப் போய் அழுத்தியது. மடியில் விழுந்த போனுக்குள் தம்பி "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நர்ஸ் கையுறையைக் கழற்றினாள். முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"அப்பா சொல்றதை எனக்கு நீங்க மாத்திச் சொல்லிடுவீங்க. நீங்க சொல்றதை யார் மாத்திச் சொல்வாங்கக்கா?"