சண்டை நின்ற வீடு

"அந்தம்மாவ இனிமே இந்தப் பக்கம் அனுப்பாதீங்க தம்பி, புண்ணியமாப் போகும்!" என்றாள் மாமியார்.

"ஆமா சார். அத்தை சொல்றது நூத்துக்கு நூறு" என்றாள் மருமகள்.

மாமியார் மருமகள் சண்டையைத் தீர்க்க வீடு வீடாக ஆலோசகரை அனுப்பும் குடும்ப ஆலோசனைத் திட்டம் அது; அந்தம்மாதான் ஆலோசகர். தொடரலாமா, நிறுத்திவிடலாமா என்று ஆய்வு செய்ய வந்த இளைஞன், அந்த ஒற்றை அறை வீட்டின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"சரி, சண்டை குறைஞ்சிருக்கா?"

"சண்டை போட எங்க சார் நேரம்? அவங்க உபதேசத்தைக் கேட்டு முடிக்கவே பொழுது சரியாயிடுது. எனக்குச் சமைக்கவே தெரியலையாம்!"

"இவளுக்கா சமைக்கத் தெரியாது?" மாமியார் பொங்கினாள். "என் மருமகளைக் குறை சொல்ல அவ யாரு தம்பி?"

"அத்தையை மட்டும் விட்டாங்களா? வயசாச்சு, வாயை மூடிக்கிட்டு இருங்கன்னுட்டாங்க சார். அவங்க தலை மறைஞ்சதும் அத்தை அவங்களை மாதிரியே பேசிக் காட்டுவாங்க பாருங்க, சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிக்கும்!"

இளைஞன் விடைபெற்றுக்கொண்டு இறங்கினான். மாடிப்படியின் அடியில், கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு ஆலோசகர் நின்றிருந்தாள்.

"என்னைப் பத்திப் புகார்தானே சார்? கொஞ்சம் கறாராப் பேசிட்டேன். மாத்திக்கிறேன். இந்த வேலையை விட்டா எனக்கு வேற கதியில்ல."

"ஐயையோ, ஒரு வார்த்தைகூட மாத்திடாதீங்க! திட்டம் இங்க பிரமாதமா வேலை செய்யுது."

"என் உபதேசமா?"

"அது காதுலயே ஏறலம்மா. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு எதிரி கிடைச்சாச்சு. கோவிச்சுக்கிட்டு ஒதுங்க இன்னொரு அறையும் இல்ல. ஒண்ணாச் சேர்ந்துட்டாங்க."

ஆலோசகர் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப எல்லா வீட்டுலயும் இப்படியே திட்டட்டுமா?"

"கூடவே கூடாது. அடுத்த தெருவுல மாமியார் மாடியில, மருமக கீழ. அங்க இது எடுபடாது. எந்த மாதிரி வீட்டுல, யாருக்கு, எதனால பலிக்குதுன்னுதான் எழுதப் போறேன். உங்க வேலைக்கு நான் பொறுப்பு."

ஆலோசகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இந்த வயசுல, உள்ள போன கையோட எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? பெரிய படிப்போ?"

இளைஞன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

"படிப்பெல்லாம் இல்லம்மா. எங்க வீட்டுல அம்மாவும் என் பொண்டாட்டியும் அப்படி ஒத்துமை. அங்க எதிரி நான்தான்!"