ரேஞ்சரின் வரவேற்பு வளைவு

ஜவளகிரிக் காட்டை ஆண்டு ஓய்வுபெற்ற ரேஞ்சர் சிங்கராயர், பாகலூர் வீட்டு வாசல் வளைவில் படர்ந்த கொடிரோஜாவின் அடியில் குந்தி, தானே நறுக்கிய தண்டைச் சணலால் ஒட்டிக் கட்டுகிறார். இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கொண்டதற்காக அவர் வீட்டைவிட்டுத் துரத்திய மகள் பவுலினா, அதன்பின் முதல்முறையாக இன்று சாயங்காலம் மைசூர் சர்க்கார் பஸ்ஸில் வருகிறாள். மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய்க்குப் பதிலாக, அவள் நட்ட கொடியே பூத்து வரவேற்கட்டும் என்றுதான் காலையில் கத்தரியை எடுத்தார். பட்ட குச்சியென்று அவர் வெட்டியது தாய்த்தண்டு. வெயிலேற, வளைவு முழுக்கப் பூக்கள் ஒவ்வொன்றாய்த் தலைகவிழ்கின்றன. “காட்டையே கட்டி மேச்சவரு, இந்த ஒத்தக் கொடிய உட்டுட்டீங்களே!” என்கிறாள் மனைவி தேவமணி. “இனி நீங்கதான் வாயத் தொறக்கணும்.” வாடிய இதழொன்று அவர் தோளில் விழுகிறது. சணலைக் கீழே வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்கிறார்: “என்னான்னு ஆரம்பிக்கிறது, தேவமணி?”