ஏலக்காய் பாட்டிலில் ஆரஞ்சு

சிரிப்பு உண்டு. ஆனால் கடைசியில்தான். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு நல்ல மனுஷனைத் தினமும் ஏமாற்றினோம். ஏமாந்தவர் அப்பா. ஏமாற்றியவர்கள் அவர் பெண்டாட்டியும், அவர் பெற்ற மகளான நானும். திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டிவிட்டு மேலே படியுங்கள்.

அப்பா ஒரு தொழிற்சாலை கேண்டீனில் மாஸ்டர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே எந்தச் சட்டி அடிப்பிடிக்கப் போகிறது என்று சொல்லிவிடுவார். அங்கே அவருக்குப் பேரே மூக்கு மாஸ்டர்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எதிலும் சீட்டு ஒட்ட வேண்டும். எங்கள் வீட்டு உப்பு டப்பாவில் 'உப்பு' என்று எழுதியிருக்கும், யாரோ வந்து சந்தேகப்படப் போகிற மாதிரி.

அந்த அப்பா ஒரு காய்ச்சலில் விழுந்து எழுந்தார். எழுந்த கையோடு அம்மாவுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. வாசனை எண்ணெய்!

கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் குழைந்தார். (அவர் மூக்கால் பேசுவதை நான் இன்றைக்கும் அப்படியே பேசிக் காட்டுவேன்.) தங்க நிறப் பெட்டி, பட்டு ரிப்பன் கட்டிய செட்டை எடுத்து வைத்தார். சமையலுக்கு ஆகும் என்று பாட்டிலில் போட்டிருக்கிறதா என்று மட்டும் அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பெட்டி இலவசம்மா," என்றார் அவர்.

"அப்போ பெட்டியை நீங்களே வச்சுக்கிட்டு விலையைக் குறைங்க," என்றாள் அம்மா.

ஆரஞ்சு, ஏலக்காய், கிராம்பு, எலுமிச்சை. விரல் அளவு பாட்டில்கள், பெட்டி இல்லாமல், பாதி விலைக்கு வீடு வந்தன. அப்பா உடனே உட்கார்ந்து, அச்சடித்த பேர் மறைய அதன் மேலேயே தன் சீட்டை ஒட்டினார்.

அன்றிலிருந்து தினமும் ஒரு இனிப்பு, அதில் ஒரு வாசனை. சர்க்கரையில் ஒரே சொட்டைத் தேய்த்து, பாத்திரம் முழுக்கக் கலக்க வேண்டும். அதுவும் அடுப்பை அணைத்த பிறகு. "கொதிக்கறப்போ விட்டா வாசனை ஜன்னல் வழியா பக்கத்து வீட்டுக்குப் போயிடும்டி. அவங்களுக்கு எதுக்கு ஓசியில?" என்பாள். அந்தச் சொட்டு விடும் உத்தியோகம் எனக்கு. விட்ட பாட்டிலை மேஜையில் அப்பா முன்னால் வைத்துவிடுவேன்.

அப்பா ஒரு வாய் சாப்பிடுவார். கண்ணை மூடுவார். "ஆஹா, கிராம்பு!" என்பார். அம்மா முகம் மலரும்.

என் கை சும்மா இருக்குமா? ஒரு நாள் ஆரஞ்சு சீட்டையும் ஏலக்காய் சீட்டையும் உரித்து மாற்றி ஒட்டினேன். கஸ்டர்டில் ஏலக்காய் விழுந்தது. ஆரஞ்சு என்ற சீட்டோடு பாட்டில் மேஜைக்குப் போனது. மூக்கு மாஸ்டர் போடப்போகிற கூச்சலுக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்பா ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடினார்.

"ஆஹா, ஆரஞ்சு. இப்போ உரிச்ச மாதிரியே இருக்கு."

எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. அம்மாவைப் பார்த்தேன். ஸ்பூன் அவள் வாயருகில் நின்றிருந்தது. பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"ஆமாங்க, ஆரஞ்சுதான்," என்றாள் அம்மா.

சமையலறைக்குப் போனதும் என் காதைப் பிடித்தாள். ஆனால் திருகவில்லை.

"காய்ச்சலோட அவருக்கு வாசனையே போயிடுச்சுடி. அன்னைக்குப் பால் தீஞ்சு கருகுது, பக்கத்துல உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். கேண்டீன்ல தெரிஞ்சா கரண்டியைப் பிடுங்கிடுவாங்கன்னு என்கிட்டகூட மறைக்கிறார். கேட்டா உடைஞ்சு போயிடுவார்."

ஒவ்வொரு வாசனையாகத் தினமும் மூக்குக்குப் பழக்கினால் திரும்பி வரக்கூடும் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் எண்ணெய். அப்பா சரியாகச் சொல்லச் சொல்ல, வாசனை வந்துவிட்டது என்று நம்பியிருக்கிறாள். அவர் சீட்டைப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

அம்மா காதை விட்டாள்.

"இனிமே தினமும் மாத்தி ஒட்டு. நிஜமா வாசனை வந்தா அவரே பிடிச்சிடுவார்," என்றாள்.

பிறந்ததிலிருந்து எந்த வேலைக்கு அடி வாங்கினேனோ, அதே வேலைக்கு ஆள் எடுத்துவிட்டாள்!

தினமும் மாற்றினேன். சீட்டில் எலுமிச்சை என்றால் அப்பாவுக்கு எலுமிச்சை. கிராம்பு என்றால் கிராம்பு. "ஆஹா" மட்டும் ஒரு நாளும் குறையவில்லை. "அப்படியாங்க," என்று சொல்லிவிட்டு அம்மா பாத்திரம் கழுவத் திரும்பிக்கொள்வாள். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள்.

அவளைச் சிரிக்க வைக்க, அப்பா கண்டுபிடிக்கும் நாளில் எப்படிக் கத்துவார் என்று அவர் குரலிலேயே கத்திக் காட்டினேன். "எவ அவ, என் சீட்டுல கை வச்சது?" கேண்டீனே அதிரும் குரல்.

அம்மா சிரிக்கவில்லை. "அதை அவரே சொல்லட்டும்டி," என்றாள்.

நேற்று மறுபடியும் கஸ்டர்ட். மேஜையில் ஏலக்காய் சீட்டு. அப்பா ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடினார்.

"ஆஹா, ஏல..."

நிறுத்தினார். ஸ்பூனைக் கீழே வைத்தார். கிண்ணத்தின் மேல் குனிந்தார். பாட்டிலைத் திறந்து மூக்கருகில் கொண்டுபோனார். சீட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

"இது ஆரஞ்சு," என்றார். நான் ஒத்திகை பார்த்த குரல் இல்லை. கேட்பதற்கே காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது.

பிறகு என்னைப் பார்த்தார். "குரங்கே, சீட்டை மாத்தினியா?"

"தினமும்தான்ப்பா."

அப்பா யோசித்தார். சொன்ன ஒவ்வொரு "ஆஹா"வும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், காது மடல்வரை சிவந்துபோனது. மெதுவாக அம்மா பக்கம் திரும்பினார்.

"அப்போ உனக்கு... தெரிஞ்சேதான் தலையாட்டிக்கிட்டிருந்தியா?"

அம்மா சிரித்தாள். காய்ச்சல் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் கேட்காத சிரிப்பு.