மூன்று விருந்தாளிகள்

“படம் கிடைச்சுதுப்பா. உங்க பிறந்தநாளுக்கு மூணு பேரைக் கூப்பிட்டிருக்கீங்களே, பரவாயில்லையே!” வெளியூரிலிருந்து மகள் போனில் சிரித்தாள்.

“தனியா இருக்கீங்களேன்னு தினமும் புலம்புவியே, பார்த்துக்க. வீடே ஜேஜேன்னு இருந்துச்சு” என்றார், ஓய்வுபெற்ற போட்டோகிராபரான அப்பா.

“ஏன் அவங்க ஒருத்தர் முகமும் தெரியல?”

“லைட் கம்மிம்மா. கேமரா ஷட்டர் ரொம்ப நேரம் திறந்திருந்துச்சு. ஒருத்தராவது ஆடாம இருந்தாத்தானே? ஒரே சிரிப்பு, கலாட்டா. படத்துல எல்லாரும் கலங்கலா விழுந்துட்டாங்க. நான் மட்டும் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.”

“ஆனா உங்க சட்டை வழியா பின்னால இருக்கிற நாற்காலிக் கம்பி தெரியுதே? ஷட்டர் மூடுறதுக்குள்ள எழுந்து போனவங்கதான் அப்படிக் கண்ணாடி மாதிரி விழுவாங்கன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க? எழுந்து எங்கப்பா போனீங்க?”

அவர் திரும்பிப் பார்த்தார். விருந்தாளி நாற்காலிக்கு ஒன்றாக அவரே ஓடி ஓடி மாற்றிப் போட்டுக்கொண்ட மூன்று சட்டைகள் கட்டிலில் கசங்கிக் கிடந்தன.

மகள் படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்தாள்.

“அடுத்த வருஷம் ஷட்டரை எவ்வளவு நேரம் வேணும்னாலும் திறந்து வைங்கப்பா. பக்கத்து நாற்காலியில நான் ஆடாம உட்கார்றேன்.”