பூசணிக்குப் போட்ட கம்பி வலை

முதலாவது அநியாயம்: தேயிலைத் தோட்டத்து அரிசி மூட்டைகளை எலி கடித்துச் சிந்தியது. சிந்திய அரிசியை ஆட்களின் பங்கில் கழித்தார்கள்.

இரண்டாவது: ஆட்கள் குடியிருக்கும் லயத்து மண் தரையில் பெருச்சாளி வளை தோண்டியது. சிமெந்து கேட்டார்கள். சாணி போட்டு மெழுகச் சொன்னார் வெள்ளைக்காரத் துரை.

மூன்றாவது: கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில், பாயில் தூங்கிய ஜெயலெட்சுமியின் குழந்தையுடைய கால் விரலை எலி கடித்தது. சுவரோரம் புதைக்கக் கம்பி வலை கேட்டார்கள். ஜெர்மன் சண்டை நடக்கிறது, கம்பி கிடைக்காது என்றார் துரை.

நான்காவது: அடுத்த வாரமே பண்டாரவளையிலிருந்து மாட்டு வண்டியில் கம்பி வலை வந்து இறங்கியது. துரையின் பூசணிக்காய்க்கு.

சாதாரணப் பூசணி இல்லை. சீமை விதை. இரண்டு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாது. பதுளையில் துரைமார் நடத்தும் காய்கறிக் கண்காட்சியில் பக்கத்துத் தோட்டத்துத் துரையைத் தோற்கடிக்க அது ஊட்டமாக வளர்ந்துகொண்டிருந்தது.

அதற்குக் காவல் கணக்கப்பிள்ளை சின்னராசா. காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலை பிரிப்பவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் சுடும்.

வலை புதைக்க அவர் கூப்பிட்டது யாரை? கடிபட்ட குழந்தையின் தகப்பன் மாடசாமியை.

“ஆழமாத் தோண்டு. பெருச்சாளி அடியால வரும்.”

“எம் புள்ள காலுக்குக் கெடைக்காத கம்பி இதுக்குக் கெடைச்சிருச்சுங்களா ஐயா?”

“ஒன்ன வாயால தோண்டச் சொல்லல. மம்பட்டியால தோண்டு.”

மாடசாமி பல்லைக் கடித்துக்கொண்டு தோண்டினான். காயைச் சுற்றி முழங்கை ஆழத்துக்கு வலையை நிறுத்தி மண்ணைத் தள்ளினான். கண்ணில் பட்ட வளைகளில் மிளகாய்ப் புகை போட்டு, உடைந்த கண்ணாடியால் வாயை அடைத்தான்.

வேலை முடிந்ததும் சின்னராசா உத்தரவு போட்டார். “இனி ஒரு ஆளும் இந்தப் பக்கம் வரக்கூடாது. மண்ணக் கிளறுறது, பொக போடுறது எல்லாம் நானே பாத்துக்கிறேன்.”

பார்த்தார். துரை மலையைச் சுற்றப் போன நேரமெல்லாம் அவர் காயின் பக்கத்தில் குனிந்தே கிடந்தார்.

“வெள்ளக்காரன் காய்க்கு ஆயா வேல பாக்குறாரு,” என்றாள் கொழுந்துக் கூடையோடு நின்ற கருப்பம்மா.

“தாலாட்டும் பாடுவாரு, கேட்டுக்கிட்டே இருங்கக்கா,” என்றாள் ஜெயலெட்சுமி.

அவர் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னார்கள். விழுந்தது.

“கொழுந்து கூடையில இருக்கா, வாயில இருக்கா?”

அன்று இரண்டு பேருக்கும் அரைப் பேர் போட்டார். முழு நாள் உழைப்பு பாதி நாளாகக் கரைந்தது.

கண்காட்சிக்கு முந்தின நாள் காலையில் துரை காயைச் செல்லமாகத் தட்டினார். கை உள்ளே போயிற்று. பெருச்சாளிகள் அடியால் வந்து சதையைத் தின்றுவிட்டுத் தோலை மட்டும் விட்டுப் போயிருந்தன. சுற்றிலும் தோண்டிப் பார்த்தார்கள். புதைத்த வலையைக் காணோம்.

தேடிப்போன கங்காணி பிள்ளைக் காம்பராவின் பின்சுவரோரம் புது மண்ணைக் கண்டு காலால் தள்ளினார். அடியில் வலை. சில நாளாகப் பிள்ளைகளை எலி கடிக்காததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது.

பெரட்டு கூடியது. துரை பிரம்பால் தன் சப்பாத்துக் காலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“பொதச்சவன் யார்? அவன்தான் எடுத்தது.”

எல்லாக் கண்ணும் மாடசாமி மேல் திரும்பின.

“நான் எடுக்கலைங்க துரைகளே.”

“உன் பிள்ளை அங்கேதானே படுக்குது?”

அவன்தான் எடுத்தான் என்று ஜெயலெட்சுமியே நம்பினாள். பயத்தோடு கொஞ்சம் பெருமையும் அவள் முகத்தில் இருந்தது.

துரை தீர்ப்புச் சொன்னார். பதுளைக் கோர்ட்டில் திருட்டு வழக்கு. குடும்பம் பொழுது சாய்வதற்குள் தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். வேலையிலிருந்து விடுவித்ததற்கான துண்டும் கிடையாது. அந்தச் சின்னக் காகிதம் இல்லாதவனை ஊவா மாகாணத்தில் எந்தத் தோட்டமும் சேர்க்காது. கைக்குழந்தையோடு பசறை ரோட்டில் நிற்க வேண்டியதுதான். ஒரு காய்க்காக ஒரு குடும்பம். இதற்குச் சட்டம் என்று பேர் வைத்திருந்தார்கள்.

“கணக்கப்பிள்ளை, குற்றத்தைத் தமிழில் எழுது. எல்லாருக்கும் விளங்கணும். ரெண்டு கங்காணி சாட்சி.”

சின்னராசா உட்கார்ந்து எழுதினார்.

“கை நடுங்குதா பாரு,” என்று கருப்பம்மா காறித் துப்பினாள்.

“ஐயா, ஒங்களுக்கும் புள்ளைங்க இருக்கு,” என்றாள் ஜெயலெட்சுமி. “எம் புருசன் பேர எழுதாதீங்க.”

அவர் கடைசி வரியை எழுதி முடித்தார். பேனாவை வைத்துவிட்டு எழுந்தார்.

“படி. சத்தமாப் படி,” என்றார் துரை.

சாட்சிக் கங்காணிமார் இருவரும் முன்னால் வந்து நின்றார்கள். மாடசாமி மனைவியின் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டான். காலைதோறும் பேர் கூப்பிடும் அதே குரலில் கணக்கப்பிள்ளை வாசித்தார்:

“துரையவர்களின் பூசணிக்காயைச் சுற்றிப் புதைத்திருந்த கம்பி வலையை, மண்ணைக் கிளறும் சாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்து, பிள்ளைக் காம்பராவின் சுவரோரம் புதைத்தவன், இத்தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சின்னராசா.”