அட்டைப்படத்து முடி

"நாளைக்கு டிவி ஷோ. நீளமா முடி வச்சிருந்தா உள்ள விட மாட்டாங்க, புது ரூல்," என்றார் மேனேஜர் சீவரத்தினம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த அவருடைய ஆபீசில், கத்தரிக்கோலோடு பார்பர் தயாராக நின்றார்.

"வேணாம், பாஸ்," என்றான் பாடகன் குணாளன்.

"உங்க முதல் கேசட்டே நாடு முழுக்க ஓடுது லா. இந்த ஷோவுக்குப் போகலன்னா எல்லாம் போச்சு. உன் பேண்ட்ல மத்த மூணு பேரையும் நினைச்சுப் பாரு. எட்டு வருஷமா கல்யாண வீட்ல வாசிச்சவங்க."

"தெரியும், பாஸ்."

"பின்ன என்ன? ராக் பாடறவன்னு ஸ்டைலா? கிள்ளான்ல பாதிப் பசங்க உன் கேசட் அட்டையைப் பார்த்துத்தான் முடி வளர்க்கறானுங்க. என் மகனும்தான். வீட்ல தினம் சண்டை."

சீவரத்தினம் பார்பருக்குக் கண்ணைக் காட்டினார். அவர் முடியைப் பற்றியதும், குணாளன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இது என் முடி இல்ல, பாஸ்."

"பின்ன யாரோடது?"

"முருகனோடது. அம்மா ஸ்ட்ரோக் வந்து விழுந்தப்ப வேண்டிக்கிட்டேன். அவங்க எழுந்து நடந்தா பத்துமலையில மொட்டை போடறேன், அதுவரை முடியில கத்திரி படாதுன்னு. அட்டையில இருக்கறது ரெண்டு வருஷத்து முடி. அவங்க இன்னும் நடக்கல."

பார்பர் கையை எடுத்துவிட்டார். சீவரத்தினம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீழே தெருவில், குணாளனைப் பார்ப்பதற்காக நாற்பது பையன்கள் காத்திருந்தார்கள். அவன் அம்மாவுக்கான வேண்டுதல், நாற்பது தலைகளிலும் தோள் வரை வளர்ந்திருந்தது.