இழுவைப் படகின் கொக்கி

கடலடியில் கிடந்த அந்த இழுவைப் படகு, மேலே எது போனாலும் சத்தத்தை வைத்தே என்ன கப்பல் என்று சொல்லிவிடும்.

“இது நிலக்கரிக் கப்பல். முழுச் சுமை. யாராவது பின்னாலே தள்ளிவிட்டாத்தான் திரும்பும்” என்று பெருமூச்சு விடும்.

முப்பது வருஷம் துறைமுகத்தில் கப்பல்களைக் கயிறு மாட்டி இழுத்த படகு அது. வயதானதும், மீன்கள் குடியேறட்டும் என்று துளை போட்டு இங்கே மூழ்கடித்துவிட்டார்கள்.

அதன் என்ஜின் அறையில் ஓர் ஆக்டோபஸ் கூரையெல்லாம் முட்டைச் சரங்களைத் தொங்கவிட்டு, இரை தேடவும் போகாமல் காவல் இருந்தது.

“நீங்க இழுத்ததிலேயே பெரிய கப்பல் எது அண்ணே?”

“எதுவா இருந்தா என்ன? ஒண்ணையும் பாதியிலே விட்டதில்ல.”

ஒருநாள் ஒரு கப்பலின் நங்கூரம் இறங்கிவந்து படகின் பழைய கொக்கியில் மாட்டிக்கொண்டது. சங்கிலி விறைத்தது. படகுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“கூப்பிட்டுட்டாங்க! பிடிச்சுக்கோ தங்கச்சி, கிளம்புறோம்!”

படகின் ஒரு பக்கம் மணலைவிட்டு எழும்பியது. உள்ளே நாலைந்து சரங்கள் அறுந்து விழுந்தன. மிச்சத்தை ஆக்டோபஸ் எட்டுக் கைகளாலும் அணைத்துக்கொண்டது.

“அண்ணே, இன்னும் நாலே நாள். முட்டையெல்லாம் பொரிஞ்சிடும்.”

படகு ஒருமுறை மேலே பார்த்தது. பிறகு துருவேறிய கொக்கியைக் கிறீச்சென்று திறந்துவிட்டது. நங்கூரம் நழுவி மேலே போனது. படகு மெல்ல மணலில் உட்கார்ந்தது.

கப்பலின் சத்தம் தூரத்தில் தேய்ந்தது.

“அது என்ன கப்பல் அண்ணே?”

“கவனிக்கலை” என்றது படகு.